கோழிக்கூடையில் மாட்டிய கொடுவா

பௌர்ணமி அன்று உலகமே திருவண்ணாமலைக்குள் வந்துகொண்டிருக்கும். அன்றைக்குப் போய் ஊரைவிட்டு வெளியே கிளம்பின குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். அதிலும் என் மாமா ஆட்டோ ஓட்டுகிறவர். கிரிவலக் கூட்டத்தை ஏற்றி இறக்கித்தான் மாதத்தின் பாதிப் பிழைப்பு. அந்த நாளில் ஆட்டோவை மூடி வைத்துவிட்டு பஸ் ஏறினால் நாலு பேர் சும்மா இருப்பார்களா? ஸ்டாண்டில் மாமாவின் கூட்டாளி ஒருத்தர், "லட்சுமி வந்து கதவைத் தட்டசொல்லோ பூட்டிக்கினு மாமனார் வீட்டுக்குப் போனானாம் ஒருத்தன்" என்று எங்கள் காதில் விழுகிற மாதிரியே சொன்னார்.

"இன்னும் மாமனார் வீடு ஆவல அண்ணே. சாயங்காலம் வந்து சொல்றேன்" என்றார் மாமா.

ஆகுமா ஆகாதா என்பதுதான் அன்றைய கேள்வி.

என் அம்மாவின் தம்பிதான் இந்த மாமா. அவருக்கு விவரம் தெரிவதற்குள் அவர்களைப் பெற்றவள் போய்விட்டாள். அம்மாதான் இடுப்பில் சுமந்து வளர்த்தாள். கல்யாணம் ஆகி, திருவண்ணாமலையை ஒட்டின வேங்கிக்காலுக்கு வந்தபோது பாத்திர பண்டத்தோடு தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தவள். "சீரோட சேத்து ஒரு மச்சானையும் அனுப்பிட்டாங்க" என்று அப்பா கிண்டல் பண்ணுவார். அப்படி வளர்ந்த மாமாவுக்கு, டவுன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்த ஒரு பெண்ணைப் பிடித்துப்போயிற்று. தினமும் ஹாஸ்டலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாமா ஆட்டோவில் போகிறவள். மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம் அவளுக்குச் சொந்த ஊர். அவளுக்கும் அம்மா கிடையாது, அப்பாதான்.

அந்த அப்பா ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தார். கறுத்து, காய்ந்து, கயிறு மாதிரி முறுக்கேறிய மனிதர். டீயைக் குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் வைக்காமல் கையிலேயே உருட்டிக்கொண்டு, "எங்க பொண்ணு கடல் காத்துல வளந்தவமா. கடல்னா என்னான்னே தெரியாத வீட்டுல எப்படி இருப்பா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"நாங்களும் அதையேதான் ஐயா யோசிக்கிறோம். எங்களுது நெலம், மாடு, ஏரின்னு வாழ்ந்த குடும்பம். உங்க பொண்ணுக்கு ஒத்துக்கணுமே" என்றாள் அம்மா.

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டார்கள். பெரியவர்கள் எவ்வளவு ஒற்றுமையாகப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது அவர் ஒன்று சொன்னார். "உங்க தம்பி எங்க ஊருக்கு வரட்டும். எங்க படகு, எங்க வலை எதையும் தொடக்கூடாது. உப்புத் தண்ணியில எறங்கி ஒத்த ஆளா ஒரு கொழம்புக்கு ஆகற மீன் புடிக்கட்டும். அப்புறம் மத்ததைப் பேசிக்கலாம்."

"நியாயமான பேச்சு. நாளை மட்டும் நான் சொல்றேன்" என்றாள் அம்மா, ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல். தம்பி மேல் என்ன நம்பிக்கை!

அடுத்த நாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்குப் போனாள். சங்கரா மீன் அரை கிலோ போடச் சொல்லிவிட்டு, மீன்காரம்மாவிடம் சாவகாசமாகக் கேட்டாள். "ஏங்க, கடல்ல எந்த நாள்ல மீன் கம்மியா விழும்?"

மீன்காரம்மா கத்தியை நிறுத்தினாள். "எல்லாரும் ஜாஸ்தி எப்பன்னு கேப்பாங்க, நீ கம்மி எப்பன்னு கேக்கறியே! பௌர்ணமிதான். நெலா வெளிச்சத்துல மீனு வலைய பாத்துட்டு ஒதுங்கிடும். அன்னிக்கு வந்தா எங்கிட்ட ஐஸ் மீன்தான் இருக்கும்."

அம்மா வீட்டுக்கு வந்து, "பௌர்ணமி நிறைஞ்ச நாளு, அன்னிக்கே போலாம்" என்று அறிவித்துவிட்டாள். பாவம், அவசரத்தில் கேள்வியைத் தலைகீழாகக் கேட்டுவிட்டாள் என்று எனக்குப் பட்டது. எடுத்துச் சொன்னால் முதுகில் விழும் என்று வாயை மூடிக்கொண்டேன். நான்காவது படிக்கிறவளுக்கு அந்த அளவு புத்தி உண்டு.

அந்தப் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அப்பாவுக்கு கிரிவலச் சிறப்புப் பேருந்தில் டூட்டி. அதனால் மாமா, அம்மா, நான் மூன்று பேர் மட்டும். மாமா ஒரு மூங்கில் தூண்டிலும், பிளாஸ்டிக் டப்பா நிறைய மண்புழுவும் எடுத்துக்கொண்டார். ஏரிக்கரை ஈர மண்ணைக் கிளறி, கொழுத்த புழுவாகப் பார்த்துப் பொறுக்கியது. எங்கள் ஏரியில் அந்தப் புழுவைக் காட்டினால் விரால் மீன் வரிசையில் நிற்கும் என்பார் மாமா. பஸ்ஸில் டப்பா மூடி கழன்று ஒரு புழு பக்கத்து சீட்டுக்காரர் வேட்டியில் ஏறி, அவர் திண்டிவனம் வரை எங்களைத் திட்டிக்கொண்டே வந்தார். பெண் கேட்கப் போகிறவர்கள் தட்டில் பழம் எடுத்துப் போவார்கள், நாங்கள் புழு எடுத்துப் போனோம்.

குப்பத்தில் இறங்கினபோது வெயில் ஏறியிருந்தது. அங்கே கடல் அரை வட்டமாக வளைந்து ஊருக்குள் வருகிறது. வளைவின் ஒரு ஓரத்தில் தண்ணீர் இன்னும் உள்ளே புகுந்து பெரிய குட்டை போலப் பரந்து கிடக்கிறது. கழி என்கிறார்கள் அதை. கடல் ஏறினால் கழியும் ஏறும், கடல் இறங்கினால் அதுவும் இறங்கும். நாங்கள் போன நேரத்தில் கரை தளும்பத் தண்ணீர். நான் அன்றுதான் முதல்முதலாகக் கடலைப் பார்த்தேன். இவ்வளவு தண்ணீரில் ஒரு குழம்புக்கு மீன் கிடைக்காதா என்று எனக்கு தைரியம் வந்துவிட்டது.

பெண்ணின் அப்பா கரையில் நின்று காற்றை மோந்தார். "தெக்கத்திக் காத்து ரெண்டு நாளா விடல. தண்ணி கலங்கிக் கெடக்கு. நேத்து போன படகெல்லாம் வெறும் வலைய அலசிட்டுத்தான் வந்துச்சு" என்றார். துக்கம் சொல்கிற குரல்தான், ஆனால் முகத்தில் துக்கம் இல்லை.

அம்மா மட்டும் நிதானமாக ஒரு கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டாள்.

வேடிக்கை பார்க்க ஊரில் பாதி வந்துவிட்டது. அவர்களுக்குத் தலைவர் மாதிரி பெண்ணின் சித்தப்பா. வாயில் எப்போதும் வெற்றிலையும் நையாண்டியும். மாமா தூண்டில் முள்ளில் புழுவைக் கோத்துத் தண்ணீரில் விட்டார். சிறிது நேரம் கழித்து இழுத்துப் பார்த்தால் புழு வெளுத்து, நூல் மாதிரி சுருங்கிக் கிடந்தது. அடுத்த புழுவும் அப்படியே. உப்புத் தண்ணீரில் மண்புழு தாங்காது என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஏரிக்கரைக்காரனுக்கு எப்படித் தோன்றும்?

சித்தப்பா ஒரு புழுவை விரலில் எடுத்து ஊருக்கே காட்டினார். "ஆட்டோக்காரரே, மீனுக்கு ஊறுகா போடறீங்களா?"

கரை முழுக்கச் சிரிப்பு. எனக்கு அழுகை முட்டியது. மாமா சிரித்தபடியே, "சோறு நீங்க போடுவீங்கன்னுதான் ஊறுகா எடுத்தாந்தோம்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. பெண் வீட்டு வாசலில் நின்றிருந்த நர்ஸ் அக்கா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள்.

பகல் முழுக்க இப்படியே போயிற்று. மாட்டினது ஒரே ஒரு நண்டு. அதுவும் தூக்கும்போதே நூலை அறுத்துக்கொண்டு, எங்கள் முள்ளோடு போய்விட்டது. மாமா தூண்டிலைக் கரையில் சாய்த்துவிட்டுத் தண்ணீரையே பார்த்தபடி குந்திவிட்டார். சித்தப்பா விடுவாரா? "கடல் வத்தினா கருவாடு தின்னலாம்னு காத்திருந்து ஒடம்பு வத்திச் செத்துச்சாம் கொக்கு" என்று சொல்லி ஒரு வாய் வெற்றிலை துப்பினார்.

"ஏன்டா, கெளம்பலாமா?" என்றாள் அம்மா. குரலில் அவ்வளவு கனிவு. எனக்கு அம்மா மேல் முதல்முறையாகக் கோபம் வந்தது.

மாமா வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். கரை தளும்ப இருந்த கழித் தண்ணீர் மெல்ல மெல்ல உள்வாங்கிக்கொண்டிருந்தது. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் மற்ற நாளைவிட அதிகம் ஏறும், அதிகம் இறங்கும். குப்பத்தில் கைக்குழந்தைக்கும் தெரிந்த சங்கதி அது, யாரும் அதைப் பேச்சாகவே எடுக்கவில்லை. நாங்கள் பௌர்ணமி என்றால் மலையைச் சுற்றுகிறவர்கள். தண்ணீரோடு அதற்கு என்ன சொந்தம் என்று எங்களுக்குத் தெரியாது. மதியம் சாய்ந்தபோது கழியில் பாதிக்கு மேல் சேறாகிவிட்டது. நடுவில் அங்கங்கே குழிகளில் முட்டி அளவு தண்ணீர்.

மாமா எழுந்தார். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. சித்திரை வெயிலில் வற்றின எங்கள் ஊர் ஏரி அச்சாக இப்படித்தான் இருக்கும்!

ஏரி வற்றும்போது எங்கள் பக்கம் தூண்டிலைத் தொட மாட்டார்கள். ஊத்தா போடுவார்கள். ஊத்தா என்றால் மேலும் கீழும் வாய் திறந்த மூங்கில் கூடை. கலங்கின தண்ணீரில் நடந்துகொண்டே சேற்றோடு சேர்த்து அதை அமுக்க வேண்டும். உள்ளே மீன் அகப்பட்டால் கூடையை முட்டும். மேல் வாய் வழியாகக் கையை விட்டு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இப்போது ஊத்தாவுக்கு எங்கே போவது?

மாமா நேராகப் பெண் வீட்டுக்கு ஓடினார். வாசலில் கோழிகள் மேல் கவிழ்த்து வைத்திருந்த, உச்சியிலும் ஒரு வாய் இருந்த பெரிய மூங்கில் கூடையைத் தூக்கினார். உள்ளே இருந்த கோழிகள் விடுதலை கிடைத்த மாதிரி தெருவெல்லாம் சிதறின. "ஐயோ, கோழி கோழி!" என்று நர்ஸ் அக்கா பின்னால் ஓட, மாமா கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கழிக்கு ஓடி வந்தார்.

"இது வலையும் இல்ல, படகும் இல்ல. பாத்துக்குங்க பெரியவரே!" என்று கத்தினார்.

கோழிக்கூடையைப் பற்றிப் பெண்ணின் அப்பா ஒன்றும் சொல்லி வைக்கவில்லையே.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குக் குழி இறங்கினார். அமுக்கினார், தூக்கினார். அமுக்கினார், தூக்கினார். ஒரு குழியில் உளுவை மீன் குஞ்சுதான் இருந்தது, இன்னொன்றில் உள்ளங்கை அளவு மடவை மீன் ஒன்று துள்ளிக் கூடையைத் தாண்டியே போய்விட்டது. கரையில் சிரிப்பு குறைந்து, ஆளுக்கு ஆள் யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "அந்த மூலைல அமுக்குங்க!" "மெதுவா நடங்க தம்பி, தண்ணி அதிருது!" மாமாவைக் கேலி பண்ண வந்த கூட்டம் தன்னை அறியாமல் மாமாவோடு மீன் பிடித்துக்கொண்டிருந்தது.

கடைசிக் குழி. மாமா கூடையை அமுக்கினார். 'தொம்' என்று உள்ளிருந்து ஒரு முட்டு. கூடை மாமாவோடு சேர்ந்து ஒருபக்கம் எழும்பியது. மாமா மேலே விழுந்து அமுக்கினார். இன்னொரு முட்டு. பழைய மூங்கில், ஒரு பக்கம் பிளக்கிற சத்தம் எனக்கே கேட்டது. சேறு வழுக்கி மாமா முட்டிபோட்டார். கூடையின் விளிம்புக்கு அடியில் வெள்ளியாக ஒரு வால் தெரிந்து மறைந்தது.

"அக்கா!" என்று கத்தினார் மாமா. கடலையோ கூட்டத்தையோ பார்த்துக் கத்தினது இல்லை அது. சின்னப்பிள்ளையில் எங்கள் ஏரியில் அக்காவைக் கூப்பிட்டிருப்பாரே, அதே கத்தல்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன். படகு நிழலில் கைகட்டி உட்கார்ந்திருந்த என் அம்மா எப்போது எழுந்தாள், எப்போது புடவையை வரிந்து செருகினாள், ஒன்றும் தெரியவில்லை. சேற்றில் தொப்புத் தொப்பென்று ஓடிப்போய், பெண் கேட்க என்று கட்டி வந்த பச்சைப் பட்டுப் புடவையோடு கூடைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்!

"விட்றாதடா! அந்தப் பக்கம் முட்டிய போட்டு அமுக்கு! எரும, அந்தப் பக்கம்டா!"

"நீ எழுந்தாதானேக்கா கைய உடுவேன்!"

"எழுந்தா போயிடும்! ஓரமா உடு!"

கூடையும் அம்மாவும் மாமாவும் சேர்ந்து ஆடினார்கள். கரையில் விசில் பறந்தது. மாமா அம்மாவின் இடுப்பைச் சுற்றிக் கையை நுழைத்து, கன்னத்தைச் சேற்றில் வைத்து, துழாவித் துழாவி, "செவுளப் புடிச்சிட்டேன்!" என்றார். ஒரு இழு. வெளியே வந்தது ஒரு கொடுவா. என்னைப் படுக்கவைத்தால் இடுப்பு வரை வரும் நீளம். வாலால் அம்மாவின் கன்னத்தில் ஒரு அறை விட்டது. அம்மா அதைத் திருப்பி அறைந்தாள். பொய் இல்லை, மீனை அறைந்த ஒரே மனுஷி என் அம்மாதான்.

குப்பமே கத்தியது. பையன்கள் சேற்றில் குதித்து மாமாவைத் தூக்கினார்கள். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி இருக்குமாம், மாமாவின் உள்ளங்கையைக் கிழித்துவிட்டிருந்தது. ஒரு கையில் கோழியோடு ஓடிவந்த நர்ஸ் அக்கா, கோழியை என்னிடம் கொடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் மாமா கையைக் கழுவித் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினாள். அவளுடைய அப்பா, சித்தப்பா, ஊர், எல்லாரும் பார்க்கப் பார்க்கத்தான் கட்டினாள்.

சித்தப்பா மட்டும் விடவில்லை. "ஒத்த ஆளா புடிக்கணும்னுதானே பேச்சு? இது ரெண்டு பேரு புடிச்ச மீனு. செல்லாது."

அம்மா நெற்றியிலிருந்த சேற்றை வழித்துப் போட்டாள். "ரெண்டு பேருதாங்க. எங்க ஊட்ல எல்லாமே ரெண்டு பேருதான். அதுக்கு இன்னா இப்போ?"

எங்கே வாய்ச்சண்டை வந்துவிடுமோ என்று கூட்டம் நெருங்கி வந்தது. பெண்ணின் அப்பா மீனை வாங்கி, கையில் தூக்கி எடை பார்த்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார், ரொம்ப நேரம். "கொழம்புக்கு ஆகும்" என்றார். அவ்வளவுதான். மீனை மகளிடம் கொடுத்துவிட்டார்.

அம்மா குளித்து, நர்ஸ் அக்காவின் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டாள். அடுப்படியில் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. என் வேலை கோழி பிடிப்பதாக இருந்தது. நான் திரும்பி வந்தபோது, "புளிய இன்னும் கொஞ்சம் கரைச்சி ஊத்தட்டுங்களா அண்ணி?" என்று அவள் கேட்க, "உங்க ஊட்டு மாதிரியே செய், நான் சாப்டுப் பாக்கணும்" என்றாள் அம்மா.

இலையில் குழம்பு விழுந்ததும்தான் எனக்கு ஞாபகம் வந்தது. "அம்மா, இன்னிக்கு பௌர்ணமி! நாம மீனு சாப்ட மாட்டமே!" என்று கத்திவிட்டேன்.

அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "அது நம்மூரு பௌர்ணமிடி. இது இவங்க ஊருது" என்று சொல்லி, முதல் கவளத்தை வாயில் போட்டாள். சித்தப்பாவே சிரித்துவிட்டார். அவர்தான் மாமாவுக்கு மீன் துண்டாகப் பார்த்துப் பொறுக்கி வைத்தார், நாலு முறை.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பெண்ணின் அப்பா எங்களோடு ரோடு வரைக்கும் வந்தார். பஸ் வருகிற சத்தம் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"உங்க தம்பி தோத்துட்டாருமா. ஒத்த ஆளா புடிக்கணும்னு சொன்னேன், அவரு புடிக்கல. சொன்ன சொல்லு சொல்லுதான். அதனால பொண்ண அவருக்குக் குடுக்கல" என்றார். நான் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்குக் குடுக்கறேன். தாயில்லாத பொண்ணு. வச்சிக்குங்க."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். மாமா குனிந்து அவர் காலைத் தொட்டார். தோற்றதற்கு யாராவது காலைத் தொடுவார்களா? கண்டக்டர் "ஏறுங்க ஏறுங்க" என்று தட்டிக்கொண்டிருந்தார்.

செஞ்சி தாண்டும்போது பஸ் நிறையக் கிரிவலக் கூட்டம். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மாமா வாய் திறந்து தூங்கினார். முகத்தில் ராஜா களை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. விம்மி விம்மி அழுதேன்.

"ஏண்டி, இன்னா ஆச்சு?"

"மீனு புடிச்சது மாமா. கை கிழிஞ்சது மாமாவுக்கு. பொண்ணு மட்டும் உனக்கா?"

அம்மா சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஆமாண்டி, எனக்குத்தான். அவனுக்கு ஒண்ணும் கெடையாது" என்று சொல்லி, என் தலையையும் தூங்குகிற தம்பியின் தலையையும் சேர்த்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

இன்றைக்கு எங்கள் வீட்டில் அத்தையும் அம்மாவும் ஒரு கட்சி, மாமா தனிக் கட்சி. ஆட்டோ ஸ்டாண்டிலும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு, நாங்கள் ஜெயித்துவிட்டு வந்த அந்த பஸ்ஸில், நாம் தோற்றுப்போய் வருகிறோம் என்று மலை கண்ணில் படும்வரை அழுதுகொண்டு வந்த ஒரே ஆள் நான்தான்.